ஆன்லைன் சூதாட்டம்: அரசு எந்தக் கதவை மூடுது?

ஒரு பெட்டிங் சைட்டை பிளாக் பண்ணினா, மறுநாளே பேரோட ஒரு நம்பர் சேர்ந்து அதே சைட் திரும்ப வந்துடுது. அப்போ சட்டத்தால என்னதான் பயன்? இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். பதிலைப் படிப்படியா பார்க்கலாம்.

சட்டம் வந்த வழி

தமிழ்நாடு 2021-ல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ரம்மி மாதிரி திறமை விளையாட்டுகளையும் சேர்த்து ஒரேயடியாகத் தடுத்ததுதான் சிக்கல். பிறகு நீதிபதி சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில் சட்டமானது. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையமும் அமைந்தது. 2025-ல் அந்த ஆணையம் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடத் தடை, ஆதார் சரிபார்ப்பு என விதிகள் போட்டது. அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு படி மேலே போனது: திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்துக்கும் தடை.

மூன்று கதவுகள்

1. முகவரி: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி அரசு உத்தரவிட்டால், இன்டர்நெட் தரும் நிறுவனங்கள் அந்தத் தளத்தை மூடணும். ஆனா புது டொமைன் வாங்க சில நிமிஷம் போதும். விபிஎன் வேற இருக்கு. இது பலவீனமான கதவு.

2. விளம்பரம்: மத்திய சட்டப்படி விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ரீல்ஸ்ல லிங்க் போடுறவங்க கவனிக்கணும்.

3. பணம்: சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும், நம்ம ரூபாய் உள்ளே போக இங்கே ஒரு வங்கிக் கணக்கு வேணும். இதுதான் பலமான கதவு. ஜிஎஸ்டி புலனாய்வுத் துறை 2025 மார்ச்சில் 357 தளங்களை முடக்கியதாகச் சொன்னது. யுபிஐ ஐடிகளோடு இணைந்த 392 கணக்குகளில் இருந்த சுமார் 122 கோடி ரூபாயையும் எடுக்க முடியாமல் நிறுத்தியது.

அந்தக் கணக்குகள் யாருடையவை?

இங்கேதான் நாம வர்றோம். இப்படி இரவல் வாங்கிய கணக்குக்கு 'மியூல் அக்கவுண்ட்' என்று பெயர். மியூல்னா கோவேறு கழுதை. யார் சரக்கு என்று தெரியாமலே சுமக்கும். "பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மட்டும் குடு தம்பி, மாசாமாசம் பணம் வரும்" என்று கேட்பவர்கள் தேடுவது, வழக்கு எதுவும் இல்லாத சுத்தமான பெயரை. கல்லூரி மாணவரிடம் அது இருக்கு.

மத்திய சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. பணப் பரிமாற்றத்துக்கு உதவினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். சைட் நடத்துபவர் வெளிநாட்டில். வங்கிப் பதிவில் இருப்பதோ உங்க பேர், உங்க ஆதார். போலீஸ் முதலில் தட்டுவது எந்த வீட்டுக் கதவை?

ஏற்கெனவே கணக்கைக் கொடுத்திருந்தா, இன்னைக்கே வங்கிக்கு எழுத்தில் சொல்லி நிறுத்துங்க, நகல் வச்சுக்கோங்க. பணம் ஏமாந்தவங்க 1930-க்கு உடனே கூப்பிடணும். சேக்காடு, பட்டாபிராம் பக்கம் இருக்கிறவங்க ஆவடி காவல் ஆணையரகத்தின் சைபர் கிரைம் பிரிவுக்கும் போகலாம். கேக்குறது கூடப் படிக்கிற நண்பனா இருந்தாலும், கணக்கை மட்டும் இரவல் கொடுக்காதீங்க.