பல்கலைக்கழக விசாரணையும் பெற்றோர் கடமையும்



மதரஸாவிலும் தொடக்கப் பள்ளியிலும் ஓதிப் படித்ததோடு கடைக்கு வந்துவிட்டவன் நான். பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுத இவன் யார் என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று நம்மில் பலருடைய பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். "உன் மேல் புகார் வந்திருக்கிறது, விசாரணைக்கு வா" என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் கடிதம் வந்தால் என்ன செய்வது என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நான் அறியாதிருந்தேன். அதனால் என் குடும்பத்தில் ஒரு பிள்ளை ஒரு பருவப் படிப்பை இழந்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகன் விடுதியில் தங்கிப் படித்து வந்தான். ஒரு சனிக்கிழமை இரவு அங்கே மாணவர்களுக்குள் அடிதடி நடந்தது. அதில் இவனும் இருந்ததாக யாரோ பெயர் கொடுத்துவிட்டார்கள். அந்த இரவு அவன் செரண்டாவில் என் கடையில் சரக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தான். தேதி போட்டு அவன் கைப்பட எழுதிய ஏடு இன்றும் என் மேசையில் இருக்கிறது. ஆனால் கடிதம் வந்ததை அவன் எவரிடமும் சொல்லவில்லை. தனியே போய் நின்றான். பெரியவர்கள் மூவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் நா எழவில்லை. "ஒப்புக்கொள்கிறாயா?" என்றதற்குத் தலையை ஆட்டிவிட்டான். ஒரு பருவம் நீக்கம் என்று தீர்ப்பாயிற்று. எனக்குச் செய்தி எட்டியபோது மேல்முறையீட்டுக்குரிய தவணையும் கடந்திருந்தது.

"ஏனப்பா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "பெரியவங்க முன்னாலே எதிர்த்துப் பேசக்கூடாதுன்னு நீங்கதானே மாமு சொல்வீங்க" என்றான். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. பெரியவர் முன் மரியாதை வேறு. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்வது வேறு. இந்த வித்தியாசத்தை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகுதான் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றை 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் ஆள்கிறது. தனியார் கல்லூரிகளுக்கு 1996-ஆம் ஆண்டில் வந்த வேறொரு சட்டம் உண்டு. ஆகவே, பிள்ளை எந்த வகை நிலையத்தில் படிக்கிறான் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒழுங்குக்கு அதிகாரி துணைவேந்தர். அவர் அந்த அதிகாரத்தைத் தமக்குக் கீழுள்ளவர்களிடம் ஒப்படைப்பதும் உண்டு. விசாரணை நடைபெறும் முறை வருமாறு:

1. குற்றச்சாட்டு: எந்த நாளில், எந்த இடத்தில், எந்த விதியை மீறினான் என்பது மாணவனுக்கு எழுத்து மூலம் வரவேண்டும். கடையில் ஒருவன் வந்து "நூறு வெள்ளி பாக்கி, கொடு" என்றால், "சீட்டைக் காட்டு" என்றுதானே சொல்கிறோம்? அதே நியாயம் இங்கும் உண்டு.

2. ஒப்புதலா, மறுப்பா: விசாரணையில் குற்றச்சாட்டை எடுத்துச் சொல்லி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். என் மருகன் தவறியது இந்த இடத்தில்தான். ஒப்புக்கொண்டுவிட்டால் சாட்சி விசாரிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

3. சாட்சி: மறுத்தால், புகார்த் தரப்புச் சாட்சிகளை விசாரிப்பார்கள். மாணவன் அவர்களைக் கேள்வி கேட்கலாம். தன் பக்கத்துச் சாட்சிகளையும் கடிதங்களையும் கணக்கேடுகளையும் முன்வைக்கலாம்.

4. துணை: மாணவனுக்காகப் பேச அதே பல்கலைக்கழகத்தின் ஊழியர் ஒருவரோ மற்றொரு மாணவரோ துணை நிற்கலாம் என்று 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தந்தது. நல்ல ஆசிரியர் ஒருவரை முன்கூட்டியே அணுகுவது புத்தி.

5. தண்டனை: எச்சரிக்கை, அபராதம், சில இடங்களுக்குள் நுழையத் தடை, குறிப்பிட்ட காலம் வரை நீக்கம், அடியோடு வெளியேற்றம் எனப் படிகள் உண்டு. குற்றம் உறுதியான பின்பும், தண்டனைக்கு முன் குறைக்கக் கேட்டு மன்றாடலாம்.

6. மேல்முறையீடு: தீர்ப்புக் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்து மூலம் செய்துகொள்ள வேண்டும். நாளை எண்ணத் தவறினால் நியாயம் இருந்தும் பயனில்லை.

இதெல்லாம் நமக்குத் தொலைவான காரியம் என்று எண்ண வேண்டாம். 2010 ஏப்ரலில் நம் உலு சிலாங்கூரில் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தது தங்களுக்கு நினைவிருக்கும். வாக்களிப்புக்கு முந்திய நாள் பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் இங்கே இருந்தனர். அரசியல் கட்சியை ஆதரித்தோ எதிர்த்தோ நடந்தார்கள் என்று அவர்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை வந்தது. அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமான சட்டப் பிரிவே செல்லாது என்று நால்வரும் நீதிமன்றம் சென்றனர். உயர்நீதிமன்றத்தில் தோற்றனர். ஆனால் 2011 அக்டோபர் 31-இல் புத்ராஜெயா மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர், அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அவர்கள் செய்தது சரியா, தவறா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் முறையாக வாய் திறந்து கேட்டதால் சட்டமே மாறியது என்பது நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

இந்த நியாயம் பழமையானது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1718-இல் பென்ட்லி என்ற பேராசிரியரின் பட்டங்களை, அவர் பக்கத்தைக் கேளாமலேயே பறித்தது. 1723-இல் வழக்கை விசாரித்த நீதிபதிகள் அது செல்லாது என்றனர். அவர்களில் ஒருவர் எடுத்துக்காட்டியது ஆதம் நபியின் சரித்திரத்தை! எல்லாம் அறிந்த இறைவனே ஆதமை அழைத்துக் கேட்ட பிறகுதான் தண்டித்தான். மனிதர் கேளாமல் தண்டிக்கலாமா என்பது அவர் கருத்து. மதரஸாவில் நாம் சிறு வயதில் ஓதிய சரித்திரத்தில் இப்படியொரு சட்டப் பாடம் இருப்பதை இந்த வயதில்தான் உணர்ந்தேன்.

ஒன்றை மறக்கக்கூடாது. பிள்ளை தவறு செய்திருந்தால் அதை மறைக்க நாம் துணை போகலாகாது. செய்ததை ஒப்புக்கொண்டு, வருந்தி, தண்டனையைக் குறைக்கக் கேட்கட்டும். பெரிய மனிதரிடம் சிபாரிசுக் கடிதத்துக்கு அலைவதும் வேண்டாம். செய்யாத தவறுக்கோ தலையாட்டவும் வேண்டாம்.

சகோதரர்களே! இன்றிரவு கடை அடைத்த பின் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்கள். "எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் அத்தாவிடம் சொல், நான் கோபிக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். என் மருகன் அந்தப் பருவம் முடிந்து திரும்பிப் போய் இப்போது படித்துக்கொண்டிருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் முன்பே சொல்லியிருந்தால், அந்த ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவன் உண்மையைச் சொல்லியிருப்பான்.

வஸ்ஸலாம்.