அடிபட்ட குதிரைக்குப் பயம் தெளிவிப்பது எப்படி?

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் விலைகொடுத்து வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரியாததுதான் காரணம் என்கிறார். ஐயனாருக்கு மண்குதிரை எடுத்து வணங்குகிற ஊர்க்காரர்கள் நாம். உயிருள்ள குதிரைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாட்டைதான்.

எங்கள் பக்கம் திருவிழாக்களில் குதிரைவண்டிப் பந்தயம் உண்டு. ஓட்டம் குறைந்த மட்டக்குதிரை கைமாறிக் கைமாறிக் கடைசியில் சும்மா விலைக்கு வரும். அப்படி ஒன்றை எருவுக்கும், தழை இழுக்கிற சின்ன வண்டிக்கும் ஆகும் என்று மாரியூர்த் தோட்டத்துக்கு வாங்கினோம். என்னிடம் நின்றது, வீட்டுக்காரியிடம் நின்றது. பனை ஏறுகிற தொழிலாளி வந்தால் மட்டும் காது பின்னால் மடங்கும், கண்ணில் வெள்ளை தெரியும், பின்கால் உயரும். அவர் அதை ஒருநாளும் தொட்டதுகூட இல்லை. "நீ என்னமோ செஞ்சிருக்கே" என்று ஊரில் கேலி பண்ண, மனுஷன் நொந்துபோனார். "சார், அது இருக்கிற பக்கத்து மரத்தை நான் ஏறலை, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. பதனீர் பருவத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவது? அதோடு, பின்காலால் ஒரு உதை விழுந்தால் விலா எலும்பு போகும். சிரித்துவிட்டு விடுகிற விஷயமில்லை.

முதலில் செய்ய வேண்டியது கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. வாயில் கடிவாளப் புண், பல் கூர்மை, குளம்பு, வண்டிப்பட்டை உரசிய தழும்பு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். வலி இருக்கிறவரை எந்தப் பழக்கமும் ஏறாது. வயிறும் காயக்கூடாது. குதிரை நாளில் பெரும்பொழுது கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிற பிராணி. புல் இல்லாமல் கட்டிப்போட்டால் அதுவே படபடப்பைக் கூட்டும்.

அடுத்து, அது எதற்குப் பயப்படுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் 'ஆளுக்குப் பயம்' என்கிறோம். ஆனால் ஆளோடு சேர்ந்து வரும் உடுப்பு, வாடை, குரல், கையில் உள்ள பொருள் எல்லாம் அதன் மனதில் ஒன்றாகப் பதிந்திருக்கும். நாங்கள் ஒரு நாளைக்கு ஒன்றாக மாற்றினோம். அவர் சட்டை போட்டு வந்தார், பயம் போகவில்லை. பேசாமல் வந்தார், அப்போதும் அப்படித்தான். மரத்தில் சாத்தி ஏறுகிற தடியை வேலியிலேயே வைத்துவிட்டு வந்தபோது காது பாதி நிமிர்ந்தது. அதே தடியை நான் எடுத்துப் போனேன், என்னைக் கண்டும் மிரண்டது. குற்றவாளி தடி என்று தெரிந்த பிறகுதான் அந்த மனிதர் முகத்தில் சிரிப்பே வந்தது.

பிறகு தினமும் மாலைப் புல்லை அவர்தான் வைத்தார். கையால் ஊட்டவில்லை. பயப்படுகிற ஆள் கையில் தீனியை நீட்டினால், ஆசைக்கும் பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கடித்துவிடும். வாளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். குதிரையின் காது திரும்புகிற தூரம்தான் எல்லை. அது விலகுவதற்குள் நாம் விலகிக்கொள்ள வேண்டும். இதைப் பத்து நாள் செய்துவிட்டு ஓரடி கூட்டலாம். பக்கத்தில் போகும்போது தோள்பக்கமாகச் சாய்ந்து, மெல்லப் பேசிக்கொண்டே போகணும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் குதிரைக்குக் கண் தெரியாது. முதல் தொடலுக்குத் தலை வேண்டாம். காளைக்குத் திமில் இருக்கிற இடத்தில், கழுத்தும் முதுகும் சேர்கிற மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைகிறது என்று பிரான்சில் செய்த ஆய்வு 1993-ல் வெளிவந்தது.

தடி கடைசியில்தான். புல் வைக்கிற இடத்துக்கு எட்டத் தரையில் கிடக்கட்டும். அது கண்டுகொள்ளாமல் மேய்கிற வரை காத்திருந்து, பிறகு சும்மா எடுத்துச் சும்மா கீழே வைக்க வேண்டும். எங்களுக்கு நாலு மாதம் ஆனது. தும்பைச் சுருக்கிக் கட்டி, தடியைக் காட்டிக் காட்டிப் பழக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஓட வழியில்லாத பிராணி அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பழகிவிட்டது என்று நினைப்பது தப்பு.

முகத்தைக்கூடக் குதிரை நினைவில் வைக்கும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கோபமுகமாக ஒருவரின் படத்தை மட்டும் குதிரைக்குக் காட்டினார்கள். சில மணி நேரம் கழித்து அதே ஆள் சாதாரண முகத்தோடு நேரில் வந்தபோது, ஆபத்தைப் பார்க்கிற மாதிரி இடது கண்ணாலேயே அதிகம் பார்த்தது.

குதிரை இல்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. வங்கியில் இருந்தபோது மாட்டுக்கடன் பார்க்கப் போவேன். காப்பீட்டுக்குக் காதில் வில்லை குத்தின பிறகு, பை மாட்டிக்கொண்டு யார் வந்தாலும் கயிற்றை இழுக்கிற பசுக்களைப் பார்த்திருக்கிறேன். கறவையில் இது நேரடியாகக் காசு. தன்னைத் துன்புறுத்திய ஆள் கறக்கும்போது பக்கத்தில் நின்றாலே, பசு மடியில் அடக்கிவைத்த பால் 70 சதவீதம் கூடியதாக 1999-ல் ஓர் ஆய்வு வந்தது. அதனால் ஊசி போடுவது, வில்லை குத்துவது, கொம்பு சுடுவது எதையும் கறக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கறக்கிற ஆளைக் கொண்டு மாட்டைப் பிடிக்கவும் சொல்லாதீர்கள்.

வண்டி மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ஆணி வைத்த தார்க்குச்சியை 1965-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளே தடை செய்திருக்கின்றன. பகல் 12 முதல் 3 மணி வரை வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வண்டியில் பூட்டவும் கூடாது. நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் எத்தனை நாள் பூட்டலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.