முதல் சவுனாவுக்குப் போகும் கயலுக்கு

அன்புள்ள கயல் அம்மிணிக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போய் வா. ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழிக்காதே.

உன் ஆய்வகத்துப் பெண்கள் கூப்பிட்டிருப்பது ருவோவேசிப் பக்கம் ஒருத்தியின் தாத்தா கட்டிய ஏரிக்கரை வீட்டுக்கு. மொக்கி என்று இவர்கள் சொல்லும் அந்தச் சின்ன மரவீட்டில்தான் ஒரு ஃபின்லாந்துக் குடும்பத்தின் கோடைகள் எல்லாம் கழிந்திருக்கும். உன் பெரியப்பா நோக்கியா வேலைக்காகத் தம்பெரேவுக்கு வந்து, நானும் இங்கே குடியேறிய நாள்முதல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வழியில் பார்ப்பவரை எல்லாம் "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லும் வழக்கம் இவர்களிடம் இல்லை. சொன்னால் மனசார யோசித்துச் சொல்கிறார்கள் என்று பொருள். மொக்கிக்குக் கூப்பிடுவது அதற்கும் ஒருபடி மேல். உன்னைத் தங்களில் ஒருத்தியாக எடுத்துக்கொள்ள நினைக்கிறார்கள் என்பதால்தான் போ என்கிறேன்.

ஆனால் போவதற்கு முன் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளை அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்காதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தோம். பசித்தாலும் "சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்பீர்கள். கால் வலித்தாலும் "ஒண்ணுமில்லீங்க" என்பீர்கள். ஈரோட்டில் அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் உன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். மறுபடி மறுபடி கேட்டுச் சோற்றைப் போட்டுவிடுவார். இங்கே ஒருமுறைதான் கேட்பார்கள். நீ சொன்ன பதிலை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அன்பில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதே, உன் சொல்லுக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை அது. சவுனா என்னும் கொதிக்கிற வெப்பக் குளியல் அறையிலும் உறைந்த ஏரியின் மேலும் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். விரல் மரத்துப்போனால் மரத்துப்போகிறது என்று சொல். தலை சுற்றினால் உடனே எழுந்து வெளியே வா. பழக்கமில்லாத வேலையைப் பழக்கமில்லை என்றே சொல். இதில் கூச்சப்பட்டால் ஆபத்து உனக்கு மட்டுமல்ல, உன்னை அழைத்துப் போகிறவர்களுக்கும்தான்.

உனக்குப் பெரிய தயக்கம் சவுனாவில்தான் என்று உன் செய்தியைப் படித்தாலே தெரிகிறது. துணியில்லாமல் உட்கார வேண்டுமா என்று வெளிப்படையாகவே கேட்டிருக்கலாம், பெரியம்மாவிடம் என்ன வெட்கம்? பெண்கள் மட்டும் சேர்ந்து போகும்போது இங்கே பெரும்பாலும் துணியில்லாமல்தான் உட்காருவார்கள். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டமென்றால் முறை வைத்துத் தனித்தனியாகப் போவார்கள், அல்லது நீச்சலுடையோ துண்டோ கட்டிக்கொள்வார்கள். உனக்கு ஒப்பவில்லையென்றால் "நான் துண்டு கட்டிக்கொள்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணம் கேட்க மாட்டார்கள். அந்த அறையில் யாரும் யார் உடம்பையும் பார்ப்பதில்லை. சவுனாவில் தேவாலயத்தில் நடந்துகொள்வதுபோல நடக்க வேண்டும் என்று இவர்களின் பழைய சொல் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் கிராமத்துப் பெண்கள் பிள்ளை பெற்றது சவுனாவில்தான். வெந்நீரும் சுத்தமும் உள்ள இடம் வீட்டில் அதுதான் இருந்தது. இறந்தவர்களைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். சுமார் 55 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் 30 லட்சத்துக்கும் மேல் சவுனா இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். 2020இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. இவர்களுக்குச் சனிக்கிழமை சவுனா, நம் வீட்டு ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க்குளியல் இருந்ததைப்போல. உடம்புக்கு நல்லது என்று தொடங்கி, அது இல்லாமல் வாரம் முடியாது என்றாகிவிட்டது.

எண்பது டிகிரியில் மனிதர் எப்படி உட்கார முடியும் என்று பயப்படாதே. காற்று வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். உள்ளே காற்று உலர்ந்திருப்பதால் வேர்வை உடனுக்குடன் ஆவியாகி உடம்பைக் காக்கிறது. யாராவது ஒரு அகப்பை தண்ணீரை அடுப்பின் மேலுள்ள கற்களில் ஊற்றும்போது எழும் ஆவிதான் சுரீரென்று வந்து தாக்கும். அது உன் தோலில் பட்டு நீராக மாறும் கணத்தில் தன் வெப்பம் முழுவதையும் அங்கேயே விட்டுவிடுகிறது. அந்த ஆவியை லோயுலு என்கிறார்கள். அது மேலே எழுந்து சேருவதால் மேல்படியில்தான் சூடு அதிகம். நீ முதலில் கீழ்ப்படியில் உட்கார். அதைக் கௌரவக் குறைவாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

உனக்குச் சிறுவயதிலிருந்தே ரத்த அழுத்தம் குறைவு. பள்ளிக்கூடத்து மைதானத்தில் மயங்கி விழுந்து உன் அம்மாவைக் கதிகலங்க வைத்தவள் நீ. சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இன்னும் இறங்கும். சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். வெறும் வயிற்றோடு உள்ளே போகாதே. நிறையத் தண்ணீர் குடித்துக்கொள். எழுவதற்கு முன் காலைக் கீழே தொங்கப்போட்டுச் சற்று உட்கார்ந்து, பிறகு சுவரையோ கைப்பிடியையோ பிடித்து எழு. மதுவைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் பீர் குடித்தாலும் உன் கையில் தண்ணீரோ பழரசமோ இருக்கட்டும்.

யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று ஒருவேளை விளையாட்டாகப் பேச்சு எழலாம். நீ அதில் சேராதே. ஹெய்னோலா என்ற ஊரில் இதை உலகப் போட்டியாகவே வருடாவருடம் நடத்திவந்தார்கள். 2010இல் 110 டிகிரிச் சூட்டில் நடந்த இறுதிச்சுற்றில் ஒருவர் இறந்துபோனார், இன்னொருவர் கடுமையான தீக்காயங்களோடு மருத்துவமனைக்குப் போனார். அத்தோடு அந்தப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவரின் உடம்புக்கும் எல்லை உண்டு.

இதயத்துக்கு நல்லது என்றும் சொல்வார்கள். கிழக்கு ஃபின்லாந்தில் நடுவயது ஆண்கள் 2,300 பேருக்கு மேல் இருபது ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, வாரத்தில் நாலு முறையாவது சவுனா போனவர்களிடம் திடீர் இதயச் சாவு குறைவாக இருந்ததைக் கண்டது. நீ அறிவியல் படிப்பவள், நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பழகிய ஆண்கள். ஒரு இரவு போகும் உனக்கு அதிலிருந்து எந்த உத்தரவாதமும் இல்லை. மருந்தாக நினைக்காமல் சுகமாக நினைத்துப் போ.

இனி சில்லறை விஷயங்கள். மூக்குத்தி, தோடு, செயின், கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போ. உலோகம் சூடேறித் தோலைச் சுடும். மூக்குத்தி திருகு கழலாமல் அங்கே போய்ப் போராடாதே. கண்ணாடியையும் வெளியே வைத்துவிடு. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதே, பலகை பாழாகும். உள்ளே போகுமுன் குளி. உட்காரும் இடத்தில் சின்னத் துண்டு ஒன்றை விரித்துக்கொள். கல்லில் தண்ணீர் ஊற்றுமுன் மற்றவர்களைக் கேள். மாதவிலக்கு நாளாக அமைந்துவிட்டால் போவதும் போகாததும் உன் விருப்பம். தீட்டு என்ற எண்ணம் இங்கே இல்லை.

ஏரிப் பனியை வெட்டித் திறந்த குழியில் இறங்கச் சொல்வார்கள். இங்கே அவந்தோ என்பது அதுதான். முதல் முறையே இறங்கியாக வேண்டும் என்று இல்லை. வெளியே நின்று உடம்பிலிருந்து ஆவி பறக்கப் பறக்கக் குளிர்காற்று வாங்குவதும் சுகம்தான். இறங்க ஆசைப்பட்டால் தனியாக இறங்காதே, குதிக்கவும் கூடாது. ஏணியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கு. குளிர்ந்த நீர் பட்டதும் மூச்சு தானாகத் திணறி உள்ளிழுக்கும். அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து. நீளமாக மூச்சை வெளியே விடு. சில நொடிகள் போதும், ஏறி வந்துவிடு. தலையை நனைக்காதே. உன் நீளக் கூந்தல் அந்தக் குளிரில் விறைத்துவிடும். கொண்டை போட்டுக் கம்பளித் தொப்பி மாட்டிக்கொள்.

பகல் நடை ஹெல்வெத்தின்யார்வி தேசியப் பூங்காவில் என்று எழுதியிருந்தாய். 1982இல் பூங்காவாக்கிய காடு அது. பாறை பிளந்து ஒடுங்கலான ஒரு சந்தாக ஏரியை நோக்கி இறங்கும் இடத்தைக் கட்டாயம் பார். ஆனால் அங்கே வழுக்கும். உங்களோடு வரும் வழிகாட்டி "இங்கே நில்லுங்கள்" என்றால் படம் எடுக்க இன்னும் இரண்டடி முன்னே போகாதே. புறப்படுமுன் அவர் உடல்நலம், அனுபவம் எல்லாம் கேட்பார். ஆழமான பனியில் நடந்ததே இல்லை என்பதையும், மயக்கம் வரும் உடம்பு என்பதையும் அவரிடம் சொல்லிவிடு. உன் பதிலைக் கேட்டுத்தான் அவர் எவ்வளவு தூரம், எந்த வேகம் என்று முடிவு செய்வார்.

பருத்தி உள்ளாடை வேண்டாம். வேர்வையில் நனைந்தால் காயாது, நின்ற இடத்தில் நடுக்கிவிடும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, வெளியே காற்றுப் புகாத மேலுடை. புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு. நடக்க நடக்கச் சூடேறும். வேர்க்கத் தொடங்குமுன் ஒரு சட்டையைக் கழற்று, நின்றதும் மறுபடி போடு. காலுறையை இறுக்கமாகப் போட்டால் ரத்தம் ஓடாமல் விரல் குளிரும். மார்ச் வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள். கைப்பேசியை உள்பையில் வை. வெளிப்பையில் குளிருக்குச் சீக்கிரமே அணைந்துவிடும். 112 செயலியை இப்போதே இறக்கிக்கொள். அதிலிருந்து அழைத்தால் நீ நிற்கும் இடம் அவசர மையத்துக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

ஏரிமேல் நடப்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஒரு ஆள் நடக்கத் தெளிந்த உறுதியான பனிக்கட்டி ஐந்து சென்டிமீட்டராவது வேண்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. மார்ச்சில் அதைவிடப் பல மடங்கு தடித்திருக்கும். ஆனாலும் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இருக்காது. நாணல் முளைத்த ஓரம், இரண்டு கரை நெருங்கும் குறுகல், பாலத்தடி, ஓடை வந்து சேரும் வாய், இங்கெல்லாம் அடியில் நீர் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே மெலிந்திருக்கும். வழிகாட்டியின் தடத்தை விட்டு விலகாதே. கழுத்தில் மாட்டிக்கொள்ள நாஸ்காலி என்ற இரண்டு கூர்முனைப் பிடிகள் தருவார்கள். உள்ளே விழுந்தால் வந்த திசையிலேயே திரும்பி, அவற்றைப் பனியில் குத்திக் குத்தி உடம்பை இழுத்து மேலே வரலாம். அதைக் கோட்டுக்கு வெளியே தொங்கவிடு, உள்ளே இருந்தால் அந்த நேரத்தில் கைக்கு வராது.

ஏரிப் பனியில் மீன்பிடிப்பதை வேடிக்கை பார்க்க உனக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது. துளைக்கருவியால் பனியில் ஓட்டை போட்டு, கையளவுத் தூண்டிலை விட்டு ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு உரிமச்சீட்டு தேவையில்லை. காட்டில் நடக்க, பழம் பறிக்க, இப்படி மீன் பிடிக்க யாருக்கும் உரிமை உண்டு, நிலம் யாருடையதாக இருந்தாலும். வந்து குடியேறிய உனக்கும் எனக்கும் அந்த உரிமை சமம். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நெருப்பு மூட்டுவதற்கு மட்டும் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும்.

மொக்கியில் குழாய்த் தண்ணீர் இருக்காது, கழிப்பறை தோட்டத்தில் இருக்கும். உபயோகித்த பின் பக்கத்தில் வைத்திருக்கும் மட்கு தூளை ஒரு கரண்டி போட வேண்டும். நெற்றியில் கட்டும் விளக்கும் படுக்கை விரிப்பும் நீயே கொண்டு போ. தண்ணீர் சுமப்பதிலும் விறகு எடுப்பதிலும் முதலில் கை கொடு. கிளம்பும் நாள் வீட்டைக் கூட்டித் துடைத்து வைப்பது எல்லோர் வேலை. நீ சைவம் என்பதை இன்றே சொல்லிவிடு. இல்லையென்றால் இரவு நெருப்பில் வாட்டிய மக்கரா என்ற இறைச்சிக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பாய். சோறு வைத்துச் செய்யும் கரேலியப் பணியாரம் உனக்கு ஆகும், ஆனால் மேலே முட்டை வெண்ணெய் தடவாமல் கேள். படுக்குமுன் அடுப்பின் புகைப்போக்கி மூடியைத் தொடாதே. தணல் முழுதும் அணையுமுன் அதை மூடினால் கார்பன் மோனாக்சைடு அறையில் தங்கும், அதற்கு வாசனையும் இல்லை நிறமும் இல்லை. அதை வீட்டுக்காரப் பெண்ணே செய்யட்டும்.

வருகிற சனிக்கிழமை பிற்பகல் என்னோடு நம் ஊர்ப் பிஸ்பாலாவிலுள்ள ராயபோர்த்தி சவுனாவுக்கு வா. 1906இலிருந்து நடக்கும் பொதுச் சவுனா. பெண்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. அங்கே என் பக்கத்தில் கீழ்ப்படியில் உட்கார்ந்து பழகிவிட்டால் அந்தப் பெண்களோடு போகும்போது உனக்குப் புதிதாக எதுவும் இருக்காது. இரண்டு துண்டு எடுத்து வா. திரும்பும் வழியில் வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு சாப்பிட்டுவிட்டு என் கம்பளி உள்ளாடைகளையும் நாஸ்காலியையும் எடுத்துப் போ. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். பனியில் ஓட்டை போடுவதை மட்டும் நீ திரும்பி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
பெரியம்மா