சங்கிலியில் கிடக்கும் நாய்க்கும் மனசு உண்டு!

"வைத்தியரய்யா, நாய் ஓயாம குரைக்குது. அடங்குறதுக்கு ஒரு சூரணம் குடுங்களேன்" என்றார், எங்கள் அகரத்து அம்மா ஒருவர். பகல் முழுக்கக் கட்டிக் கிடக்கும் சிப்பிப்பாறை நாய் அது. முயல் வேட்டைக்கென்றே வளர்ந்த இனம். காலுக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை இல்லாவிட்டால் குரைக்காமல் என்ன செய்யும்?

மனிதருக்கான மருந்தை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வேலை கொடுங்கள், போதும்.

வெயிலுக்கு முன் காலையிலும், வெயில் தாழ்ந்து மாலையிலும் அரை மணி நேரம் நடத்திச் செல்லுங்கள். நின்று மோப்பம் பிடித்தால் இழுக்காதீர்கள். நமக்குப் பேப்பர் படிப்பது போல அதற்கு அது!

தீனியில் கொஞ்சத்தை வீட்டின் மூலைகளில் ஒளித்து வைத்துத் தேட விடுங்கள். 'உட்கார்', 'இரு' என்று தினம் ஐந்து நிமிடம் பழக்குங்கள். சொன்னதைச் செய்தால் தட்டிக்கொடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் குரைப்பு அடங்காவிட்டால், தீனி எடுக்காவிட்டால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அது வாய்விட்டுச் சொல்லாத வலியாகவும் இருக்கலாம்.