அறிவியல் எழுத வரும் இளையவர்களுக்கு

1. சிறுபிள்ளைக் கேள்வி என்று எதையும் ஒதுக்காதீர்கள். கடல் ஏன் நீலமாக இருக்கிறது? வானத்தின் நிறம்தான் நீரில் தெரிகிறது என்பது ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களும் ஒப்புக்கொண்ட விடை. 1921-ல் ஐரோப்பாவிலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமனுக்கு அது போதவில்லை. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை ஒரு சிறு பட்டகத்தால் விலக்கிவிட்டுப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்றார். அந்தத் தடத்திலேயே போய், 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவைக் கண்டார். 1930-ல் நோபல் பரிசு வந்தது. தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதே கடல் நீலத்துக்கு முதன்மைக் காரணம் என்று இன்று தெரியும். ராமன் கதையை எழுதும்போது இதையும் சேர்த்தே எழுதுங்கள். அவர் பெருமை அதனால் குறையாது.

2. பாதி விடையில் நிறுத்தாதீர்கள். அலைநீளம் குறைந்த ஒளி காற்றில் அதிகம் சிதறுகிறது, அதனால் வானம் நீலம் என்று எழுதி முடித்துவிடுகிறோம். கெட்டிக்காரப் பிள்ளை உடனே கேட்கும்: ஊதாவுக்கு அலைநீளம் இன்னும் குறைவாயிற்றே, வானம் ஏன் ஊதாவாக இல்லை? சூரிய ஒளியில் நீலத்தைவிட ஊதா குறைவு. நம் கண்ணும் ஊதாவை அவ்வளவாக உணர்வதில்லை. இந்த இரண்டு வரிக்கு இடமில்லை என்றால் வேறு எதையாவது வெட்டுங்கள்.

3. புதிய கண்டுபிடிப்பு என்றதும் அன்றே எழுதிவிடத் துடிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 2011 செப்டம்பரில், செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கி.மீ. தள்ளி இத்தாலியில் உள்ள கிரான் சாசோவுக்கு அனுப்பிய நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாகச் செய்தி. ஐன்ஸ்டைன் தோற்றார் என்று உலகமெங்கும் தலைப்பு போட்டார்கள். ஆய்வுக்குழுவோ, எங்கே தவறு என்று நீங்களும் பாருங்கள் என்றுதான் மற்றவர்களைக் கேட்டிருந்தது. அடுத்த ஆண்டு, சரியாகப் பொருத்தப்படாத ஒரு ஒளியிழைக் கம்பி சிக்கியது. இதற்கு நேர்மாறாக, லைகோ கருவிகளில் ஈர்ப்பலை பதிவானது 2015 செப்டம்பர் 14-ல். உலகுக்கு அறிவித்தது 2016 பிப்ரவரி 11-ல். ஏறத்தாழ ஐந்து மாதம் தங்களையே சந்தேகித்துச் சோதித்தார்கள். அந்தக் கருவியின் 4 கி.மீ. நீளக் குழாயில் நேர்ந்த நீள மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சிறியதை அளந்தேன் என்று சொல்கிறவருக்கு அந்தப் பொறுமை வேண்டும். அதைப் பற்றி எழுதும் நமக்கும் வேண்டும்.

4. ‘நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள்’ என்ற வாக்கியத்தைச் சான்று இல்லாமல் எழுதாதீர்கள். கைதட்டல் கிடைக்கும், படிக்கிற பிள்ளைக்கு அது துரோகம். சிதம்பரம் கோயில் பூமியின் காந்த மையத்தில் இருக்கிறது என்று கைபேசிகளில் சுற்றும் தகவலைப் பார்த்திருப்பீர்கள். பூமிக்கு மேற்பரப்பில் அப்படியொரு மையப் புள்ளி கிடையாது. உலகைச் சுற்றி ஓடும் காந்த நடுக்கோடு உண்டு. அதுவும் ஆண்டுக்காண்டு மெல்ல நகர்கிறது. இந்தியாவின் தென்கோடியை ஒட்டி அது போவதால்தான் 1963-ல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்தார்கள். சோழர் கட்டடக்கலைக்குப் பொய் முட்டு வேண்டாம். தும்பாவின் கதையை எழுதுங்கள்.

5. பெ.நா. அப்புஸ்வாமியின் அறிவியல் கட்டுரைகளையும், வாசகர் கேள்விகளுக்குச் சுஜாதா பதில் எழுதிய ‘ஏன்? எதற்கு? எப்படி?’யையும் படியுங்கள்.

6. விடை இல்லாத கேள்வியையும் எழுதுங்கள். கொட்டாவி ஏன் வருகிறது? உடம்பில் ஆக்சிஜன் குறைவதால் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். 1987-ல் ராபர்ட் புரோவைன் குழுவினர் மாணவர்களுக்குத் தூய ஆக்சிஜனையே சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள், கொட்டாவி குறையவில்லை. மூளையின் சூட்டைத் தணிக்க வருகிறது என்று சிலர் சொல்கிறார்கள், மற்றவர்கள் ஏற்கவில்லை. இதை இப்படியே, எந்தப் பக்கமும் சாயாமல், ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று போட்டு அச்சுக்கு அனுப்புங்கள். அந்த வரியைப் படிக்கிறவர்களில் பத்து வயதுப் பெண் ஒருத்தியும் இருக்கலாம். அவளுக்குச் செய்ய வேலை மிச்சம் இருக்கிறது என்று தெரியட்டும்.