அந்தமானில் என்ன பார்க்கலாம்?

கேள்வி: மாமியார், பிள்ளைகளோடு அந்தமான் போகிறோம். யாருக்கும் நீச்சல் தெரியாது. அங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது?
– வாசகி, ஓமலூர்

பதில்: நிறைய இருக்கிறதம்மா! முதலில் நீல் தீவு. அங்குள்ள இயற்கைப் பாறைப் பாலத்துக்குக் கடல் வற்றியிருக்கும்போதுதான் போக வேண்டும். நேரத்தை முந்தின நாளே விடுதியில் கேட்டுவிடுங்கள். பாறைக் குழிகளில் கணுக்கால் தண்ணீரிலேயே கடல் அட்டை, நண்டு, பொடி மீன் எல்லாம் பிள்ளைகள் குனிந்து பார்க்கலாம். பாறை வழுக்கும், மாமியாரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பவளத்தை மிதிக்க வேண்டாம். அதில் ஒரு துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது, சட்டப்படி குற்றம்.

அடுத்து ஹேவ்லாக் தீவில் ராதாநகர் கடற்கரை. அங்கே பொழுது சீக்கிரம் சாயும், மூன்று மணிக்கே போய்விடுங்கள். இந்த இரண்டு தீவுகளைத் தவிர, 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். அதற்கு ஒரு அரை நாளாவது ஒதுக்குங்கள்.