பள்ளி மாணவர்க்குப் பொருள்நோக்கு நிரலாக்கம்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணினி அறிவியல்)

முன்னுரை

எங்கள் ஊருக்குப் பெயராக அமைந்தவர் மறைமலை அடிகள் (1876–1950). வேதாசலம் என்ற தம் பெயரில் வேதத்தை 'மறை' எனவும், அசலத்தை 'மலை' எனவும் தமிழாக்கிக் கொண்டவர் அவர். சொல் மாறிற்று, பொருள் மாறவில்லை. கணினிப் பாடத்தில் நமக்கு நேர்வது வேறு. 'கிளாஸ்' என்பதை 'இனக்குழு' என்றும், 'ஆப்ஜெக்ட்' என்பதைப் 'பொருள்' என்றும், 'இன்ஹெரிட்டன்ஸ்' என்பதை 'மரபுரிமம்' என்றும் பாடநூல் நல்ல தமிழில்தான் தந்திருக்கிறது. ஆனால் நம்மில் பலர் சொல்லைப் பெற்றோமேயன்றி, அதன் பொருளைப் பெறவில்லை. அவர்களுள் நானும் ஒருவனாக இருந்தேன்.

மேல்நிலைத் தேர்வில் இப்பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். கல்லூரியின் முதலாண்டு ஆய்வகத்தில், 'ஒரு நூலகத்திற்கு நிரல் வடிவமைக்க' என்று கேட்டபோது, வெற்றுத் திரையைப் பார்த்தபடியே நேரம் முழுவதும் அமர்ந்திருந்தேன். இனக்குழுவின் இலக்கணம் எனக்கு மனப்பாடம். நூலகத்தில் இனக்குழு எது என்பதுதான் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் கேட்க ஆளில்லையே என்று அன்று வருந்தினேன். அவ்வருத்தம் எவ்வளவு தவறானது என்பதை உணர்ந்த கதையையும், அதன் வழியே நான் கற்ற பாடத்தையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோன்றிய வரலாறு

பொருள்நோக்கு நிரலாக்கம் தேர்வுக்காகத் தோன்றியதன்று. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில், கணிப்பு மையம் ஒன்றில் பணியாற்றிய ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் இருவர் 'சிமுலா 67' என்ற மொழியை உருவாக்கினர். காத்திருக்கும் வரிசைகள், ஒன்றையொன்று தொடரும் வேலைகள் போன்ற நடைமுறை நிகழ்வுகளைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதே அவர்கள் நோக்கம். உலகில் பொருள்கள் இருப்பதுபோலவே நிரலிலும் பொருள்கள் இருந்தால் அது எளிதாகும் என்று கண்டனர். இப்பணிக்காக 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருது அவர்களுக்கு வழங்கப்பட்டது.

அடுத்து வந்தவர் அமெரிக்காவின் ஆலன் கே. 'பொருள்நோக்கு' என்ற சொல்லை வழங்கியவர் அவரே. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1970-களில் அவரும் அடேல் கோல்ட்பர்க் முதலியோரும் 'ஸ்மால்டாக்' மொழியை வளர்த்தபோது, அதைப் பள்ளிச் சிறுவர்களுக்கே கற்பித்துப் பார்த்தனர். எனவே, இது பள்ளிப் பிள்ளைகளின் தலைக்கு எட்டாத பாடம் என்று எவரும் கூறுவதற்கில்லை. பின்னர் டென்மார்க்கைச் சேர்ந்த பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப், சிமுலாவின் இனக்குழுவைச் சி மொழியோடு சேர்க்கும் வேலையை 1979-ல் தொடங்கினார். அதுவே 1985-ல் சி++ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

நம் மாநிலத்தில் 2018-ல் வந்த மேல்நிலை முதலாண்டுப் பாடநூல், சி++ வழியாக இவற்றைக் கற்பிக்கிறது. மறு ஆண்டு வந்த இரண்டாமாண்டு நூல் பைத்தான் மொழியில் இனக்குழுக்களைக் கூறுகிறது. பாடம் இருக்கிறது. அதைத் தொடங்கும் இடம்தான் சிக்கல்.

என் முதல் தோல்வி

எங்கள் தெருவில் மேல்நிலை வகுப்புப் படிக்கும் ஏழு பேர், ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் படிக்க வருவார்கள். பெரும்பாலோரின் தந்தையர் ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மடிக்கணினி. என் அக்கா பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்தது அது. அக்கா கல்லூரிக்குப் போகவில்லை. உதிரிபாகத் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போனார்.

முதல் நாள், எனக்குச் சொல்லித் தந்தபடியே நானும் சொல்லித் தந்தேன். "இனக்குழு என்பது ஓர் அச்சு, பொருள் என்பது அதிலிருந்து வார்க்கப்படுவது" என்றேன். நம் ஊர் பிரஸ் ஷாப்பில் ஒரே டையிலிருந்து ஆயிரம் கதவுகள் வருவதை எடுத்துக்காட்டாகக் கூறினேன். எல்லாரும் எழுதிக்கொண்டனர். ஒரு தங்கை மட்டும் பேனாவை வைத்துவிட்டு, "அண்ணா, கதவு எதையும் செய்யாதே, பொருள்னா ஏதாவது செய்யணும்னு புத்தகத்துல இருக்கே?" என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. "எனக்குக் கம்ப்யூட்டர் வராதுண்ணா, வேற குரூப்புக்கு மாறிடலாம்னு பாக்குறேன்" என்று அவள் சொல்லிச் சென்றது அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. வராமற்போனது அவளுக்கன்று, எனக்கு என்பது எனக்கல்லவா தெரியும்?

அம்மாவின் பேரேடு

அவ்வாரம் எங்கள் வீட்டில் ஒரு சச்சரவு. என் தாயார் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றில் உறுப்பினர். தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியவை. இன்று ஏறத்தாழ எல்லா ஊரிலும் உள்ளன. ஓர் உறுப்பினர் 5,000 ரூபாய் கடன் பெற்று, மாதம் 500 வீதம் நான்கு தவணை கட்டியிருந்தார். வட்டியை நீக்கிப் பார்த்தால் நிலுவை 3,000. அவருடைய பாஸ் புத்தகத்திலும் அப்படியே இருந்தது. குழுவின் கடன் பேரேட்டிலோ 3,500 என்று இருந்தது. கட்டிய பணம் ஒரு புத்தகத்தில் ஏறி, மற்றொன்றில் ஏறவில்லை. இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமற் போயிற்று.

அம்மா இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டபோதுதான் எனக்கு விளங்கிற்று. ஒரே செய்தி இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம். பாடநூல் 'உறை பொதியாக்கம்' என்று சொல்வது இந்நோய்க்கான மருந்தையே! நிலுவையை எவரும் நேரே எழுதக்கூடாது. 'கடன்' என்ற பொருளிடம் "தவணை பெறு" என்று சொல்ல வேண்டும். அது தன் நிலுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். கேட்டால் சொல்லும், திருத்தவிடாது. கதவு எதையும் செய்யாது. கடன் செய்யும். தங்கையின் கேள்விக்கு விடை கிடைத்தது.

அட்டைகளால் ஒரு பாடம்

மறு ஞாயிறு மடிக்கணினியைத் திறக்கவில்லை. பழைய திருமண அழைப்பிதழ்களை அட்டைகளாக வெட்டிக் கொடுத்தேன். இம்முறை என்னுடையதன்று. கென்ட் பெக், வார்ட் கன்னிங்காம் என்னும் அமெரிக்கர் இருவர் 1989-ல் வெளியிட்ட முறை. ஓர் அட்டைக்கு ஓர் இனக்குழு. மேலே அதன் பெயர். இடப்புறம் அதன் பொறுப்புகள். வலப்புறம் அதற்கு உதவும் பிற இனக்குழுக்கள். அட்டை சிறியதாக இருப்பதிலும் ஒரு நன்மையுண்டு. பொறுப்புகள் அட்டையில் அடங்கவில்லையென்றால், அந்த இனக்குழு அளவுக்கு மீறிச் சுமக்கிறது என்று அறியலாம்.

நாங்கள் சென்ற படிகள் இவை:

1. குழுக் கூட்டத்தில் நடப்பதை ஒரு பத்தியாகத் தமிழில் எழுதினோம்.

2. பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் அடிக்கோடிட்டோம். உறுப்பினர், கடன், சேமிப்பு, தொகை, தேதி ஆகியவை பெயர்கள். கொடுத்தல், கட்டுதல், கூட்டுதல் ஆகியவை வினைகள்.

3. எல்லாப் பெயரும் இனக்குழு ஆகா. தேதியும் தொகையும் கடனுக்குள் அடங்கும் விவரங்கள். தனக்கென ஒரு பொறுப்பு உள்ளதற்கே அட்டை கொடுத்தோம்.

4. ஒவ்வொருவரும் ஓர் அட்டையைக் கையில் பிடித்து அப்பொருளாகவே நடித்தோம். "உன் நிலுவை எவ்வளவு?" என்று 'உறுப்பினர்' அட்டையைக் கேட்டால், "எனக்குத் தெரியாது, என் கடனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பான் தம்பி. சிரிப்புக்கிடையே பாடம் நடந்தது. குழுவின் உள்கடனும் வங்கிக் கடனும் இரு அட்டைகளாயின. "இம்மாதத் தவணை எவ்வளவு?" என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொன்றும் தன் கணக்குப்படி விடை சொல்லிற்று. பல்லுருவாக்கம் என்ற சொல்லை அதன் பிறகே கூறினேன்.

அம்மா கண்ட பிழை

மரபுரிமத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்று, 'ஊக்குநர்' என்ற இனக்குழுவை 'உறுப்பினர்' என்பதிலிருந்து பெறச் செய்தேன். ஊக்குநரும் ஓர் உறுப்பினர்தானே! பிள்ளைகளும் ஒப்புக்கொண்டனர். காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு வந்த அம்மா, அட்டைகளைப் பார்த்து என்னவென்று கேட்டார். விளக்கினேன்.

"ஏம்பா, ஊக்குநர் மாறுவாங்களே! இன்னிக்கு நானு, அடுத்து வேற ஒருத்தர். மாறினா அவங்க பழைய சேமிப்பு, கடன் எல்லாம் எங்க போவும்?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஊக்குநரைத் தனி இனக்குழுவாக்கினால், பொறுப்பு கைமாறும்போதெல்லாம் பழைய பொருளை அழித்துப் புதியதை ஆக்க வேண்டிவரும். ஊக்குநர் என்பது ஒருவர் சில காலம் வகிக்கும் பொறுப்பு. அது ஆளின் வகையன்று. 'குழு' என்ற அட்டையில் "என் ஊக்குநர் யார்?" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மரபுரிமத்தைவிடப் பொருள்களை இணைத்து அமைப்பதையே பெரிதும் விரும்புக என்று, எரிக் காமா முதலிய நால்வர் 1994-ல் வெளியிட்ட வடிவமைப்பு நூலும் அறிவுறுத்துகிறது. அதை நான் படித்திருக்கிறேன். படித்தும் பிழை செய்தேன். அம்மா படிக்காமலே கண்டுபிடித்தார். ஏனெனில், அவருக்குக் குழுவைத் தெரியும்.

வடிவமைப்பு என்பது முதலில் நடப்பை அறிவது. கணினி மொழி அதன் பிறகே வருகிறது. கேட்க ஆளில்லாத வீடு என்று நான் நினைத்த வீட்டில், கேட்க வேண்டிய ஆள் அருகிலேயே இருந்திருக்கிறார்!

திரைக்கு வந்தபின்

நான்காம் வாரம் பைத்தானில் எழுதினோம். செயற்கூறுகளில் 'செல்ஃப்' என்ற முதல் அளபுருவை விட்டுவிட்டுப் பிழைச்செய்தி வாங்காதவர் எங்களில் ஒருவருமில்லை. "பாஸ் புத்தகம் பேசினால் 'என் நிலுவை' என்றுதானே சொல்லும்? அந்த 'என்' தான் இது" என்றாள், குரூப் மாற நினைத்த தங்கை. அதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க இயலாது. அவள் குரூப் மாறவில்லை.

எங்கள் நிரலை அம்மாவின் குழு இன்னும் பயன்படுத்தவில்லை, பேரேடுதான் நடக்கிறது. ஆனால், பாஸ் புத்தகத்திலும் பேரேட்டிலும் ஒரே நேரத்தில் எழுதி, அனைவர் முன்னும் படித்துக் காட்டிய பின்னரே பணம் பெட்டிக்குள் போக வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

முடிவுரை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஏட்டில் உள்ளது தவறென்பதன்று; அதைத் தோட்டத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: முதலாண்டு ஆய்வகத்தின் முதல் இரு வாரங்களேனும் கணினியைத் திறக்காமல் அட்டைகளோடு நடத்திப் பாருங்கள். மாணவ நண்பர்களே, உங்கள் தெருவிலும் மேல்நிலை வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். ரேஷன் கடை, பால் கணக்கு, சீட்டுப் பிடித்தல் என்று உங்கள் வீட்டார் அறிந்த ஏதேனும் ஒன்றிலிருந்து அவர்களுக்குத் தொடங்குங்கள். மாடிக்கு வரும் அம்மா கேள்வி கேட்டால், துணியை வாங்கி வைத்துவிட்டு, அவரையும் உட்காரச் சொல்லுங்கள்.